முன் சீட்டு

ஆறுச்சாமி பியட் கார் வாங்கிப் பதினாறு வருசம் ஆகியிருந்தது. அந்தப் பதினாறு வருசத்தில் அவருடைய பெண்டாட்டி மயிலாத்தாள் ஒரு நாள்கூட முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. சண்டை சச்சரவு எதுவும் நடந்ததில்லை. சீட்டு காலியாக இல்லை, அவ்வளவுதான்.

அவளுடைய மாமனார் இருந்தவரைக்கும் அது மாமனார் சீட்டு. அவருக்குப் பிறகு ஆறுச்சாமியின் அக்கா புருசன் சுப்பண்ணன் அதில் உட்கார்ந்தார். சுப்பண்ணன் வராத நாளில் வேறு யாராவது பெரியவர் இருப்பார். ஆறுச்சாமிக்குக் கணபதியில் பம்புசெட் கடை. பெரியவர் எவரும் சிக்காத நாளில் அந்தச் சீட்டில் ஒரு மோட்டார் உட்கார்ந்து வரும். பின்னால் வைத்தால் உருண்டுவிடுமாம், முன்னால் வைத்தால் இடது கையால் பிடித்துக்கொள்ளலாமாம். புருசனும் பெண்டாட்டியுமாக ரெண்டே பேர் கிளம்பினால்கூடச் சத்தி ரோடு ஏறுவதற்குள் தெரிந்தவர் யாராவது கையைக் காட்டுவார். ஆறுச்சாமி நிறுத்தாமல் போகிற ஆள் இல்லை. எப்படியும் இறங்கிப் பின்னால் போகத்தானே வேண்டும் என்று மயிலாத்தாள் முதலிலேயே பின்னால் ஏறிக்கொள்வாள்.

முன்னால் ஆம்பிளைகள் போர்வெல் எத்தனை அடி, கரண்டு எத்தனை மணிக்கு வரும் என்று பேசிக்கொண்டு போவார்கள். பின்னாலிருந்து இவள் ஏதாவது சொன்னால் இஞ்சின் சத்தத்தில் ஆறுச்சாமிக்குக் கேட்காது. சுப்பண்ணன் திரும்பிக் கேட்டு அவருக்குச் சொல்லுவார். பதில் வருவதும் சுப்பண்ணன் வழியாகத்தான். இதெல்லாம் ஒரு குடும்பமா என்று கேட்காதீர்கள், எல்லாக் குடும்பமும் இப்படித்தான் ஓடுகிறது.

1996 பொங்கல் கழிந்து, அதிக மோட்டார் விற்ற கடைக்காரர் என்று ஆறுச்சாமிக்குக் கம்பெனியிலிருந்து பரிசு வந்தது. மொரீசியஸ் தீவுக்குப் போய்வர ரெண்டு விமான டிக்கெட். தங்குவது, சுற்றுவது எல்லாம் சொந்தப் பாடு, வருசம் முடிவதற்குள் போய்விட வேண்டும். ஆறுச்சாமி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டூர்காரன் பஸ் எதிலாவது சேர்ந்து போய்க்கொள்ளலாம் என்றார். மயிலாத்தாள் அந்தக் கவரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ரெண்டு டிக்கெட் என்றால் ரெண்டு பேர். ரெண்டு பேர் என்றால் ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில். அவளுக்கு வேண்டியது அதுதான். தீவு எந்தக் கடலில் கிடந்தால் அவளுக்கென்ன.

ஏற்பாடெல்லாம் நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மகள் யுவஸ்ரீ பி.காம் ரெண்டாம் வருசம். அம்மா தமிழில் சொல்ல, மகள் இங்கிலீஷில் எழுத, முக்கு எஸ்.டி.டி. கடையிலிருந்து பேக்ஸ் போயிற்று. பதில்கள் எல்லாம் 'மிஸ்டர் மயிலாத்தாள் அவர்களுக்கு' என்று வந்தன. அவள் திருத்தவில்லை. மிஸ்டருக்கு அவர்கள் உடனுக்குடன் பதில் போட்டார்கள்.

தங்குவதற்கு மூன்று இடம் பார்த்தாள். கடற்கரையிலேயே பெரிய ஓட்டல் ஒன்று, அங்கே மூன்று வேளையும் அவர்கள் போடுகிறதைத் தின்ன வேண்டும். ரசம் இல்லாமல் ரெண்டாவது நாளே ஆறுச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பட்டணத்துக்குள் ஒரு லாட்ஜ், அதன் ஜன்னல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து இருந்தது. அதற்கு நம்மூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டிலேயே ரூம் போடலாம். மூன்றாவது, தீவின் தென்கிழக்கில் ஒரு அம்மா வாடகைக்கு விடுகிற சின்ன வீடு. அடுப்பு கேஸா சீமெண்ணெய்யா, கருவேப்பிலை கிடைக்குமா என்று மயிலாத்தாள் பேக்ஸில் கேட்டாள். கேஸ்தான், கருவேப்பிலை மரம் வாசலிலேயே நிற்கிறது என்று பதில் வந்தது. அந்த வீட்டை முடிவு செய்தாள்.

அடுத்தது கார். டிரைவரோடு வேண்டுமா, காரை மட்டும் கொடுத்தால் போதுமா என்று அங்கத்துக் கம்பெனி கேட்டிருந்தது. முன்னப்பின்னத் தெரியாதவன் கையில் காரைக் கொடுத்துவிட்டு ஒருத்தன் எப்படி நிம்மதியாக இருக்கிறான் என்பது ஆறுச்சாமிக்குக் கடைசிவரை புரியவில்லை. தெரியாத ஊர், டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்றார். டிரைவர் போட்டால் என்ன நடக்கும் என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். வழி சொல்லுகிறேன் என்று இவர் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார், வழியே தெரியாத ஊரில். டிரைவர் வேண்டாம், உங்களிடம் இருப்பதிலேயே சின்னக் கார் போதும் என்று எழுதச் சொன்னாள்.

டிராவல்ஸ்காரர் கொடுத்த மேப்பைச் சோற்றுப் பசை தடவிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் ஒன்று, ரெண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக்கொண்டாள். தெற்கே நாலாம் நம்பருக்கும் ஆறாம் நம்பருக்கும் நடுவில் ரோடு கடலை ஒட்டியே போனது. அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்படியானால் வலமாகச் சுற்றினால் கடல் இடது கைப் பக்கம், அவள் உட்காரும் பக்கமே வரும். மூன்று நாள் பயணத்தையும் அந்தக் கணக்கில் வகுத்தாள். ஆறுச்சாமி மேப்பைப் பார்த்துவிட்டு, கோயில் சுற்றுகிற மாதிரி வலமாகப் போகிறோமா, நல்லது என்றார்.

இவ்வளவும் பாங்காக நடந்தது. கெட்டது எங்கே என்றால், சொல்லிக்கொண்டு வரப் போன இடத்தில். தூரப் பயணம் போகிறவர்கள் நெருங்கின சொந்தத்தில் ஒரு நடை போய்ச் சொல்லாமல் போகலாமா? மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருசனும் பெண்டாட்டியும் அவிநாசிக்குப் போனார்கள், சுப்பண்ணன் வீட்டுக்கு. முன் சீட்டில் அவிநாசியில் ஒரு தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய மோட்டார் வந்தது.

காபி குடித்தார்கள், விசயத்தைச் சொன்னார்கள். மயிலாத்தாளின் நாத்தனார் மாசாணியம்மாள் கடல் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும் என்று எச்சரித்தாள். எல்லாம் முறையாக முடிந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஆறுச்சாமி, "நீங்களும் வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க மச்சான்" என்றார்.

இதை ஒரு பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பக்கத்தில் எங்கே கிளம்பினாலும் எதிரே நிற்கிறவரைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடப்பட்டவர், இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்கூட இப்படிக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். ஆனால் சுப்பண்ணன் தாமதித்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அவர் தோட்டத்து மஞ்சள் நல்ல விலைக்குப் போயிருந்த வருசம் அது.

"எந்த மாசம்?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது மோட்டாரை இறக்கிவிட்டதால் முன் சீட்டு காலியாக இருந்தது. மயிலாத்தாள் பின்னால்தான் ஏறினாள். கருமத்தம்பட்டி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்த ஆறுச்சாமி, ஒரு மரியாதைக்குத்தான் சொன்னேன் என்றார். போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவரே கேட்டு, அது எப்படிச் சொல்வது, அக்கா என்ன நினைக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ரெண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாவது நாள் சுப்பண்ணன் தங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டதாகத் தகவல் வந்தது. நாலு பேர் தாராளமாக உட்கார்கிற காராக மாற்றி எழுதச் சொன்னார் ஆறுச்சாமி. சுப்பண்ணன் வந்தால் முன் சீட்டு யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மயிலாத்தாள் குழம்பைத் தாளிக்கும்போது அழுதாள். மகள் கேட்டதற்கு, மிளகாய் நெடி என்றாள்.

அடுத்த வாரம் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

பெண்களுக்குப் பெண்ணே கற்றுத்தருகிற ஸ்கூல் அது. பொற்கொடி என்கிற அந்த டீச்சர், முதல் நாள் மயிலாத்தாளை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டுத் தான் இடது பக்கம் ஏறிக்கொண்டாள். காரில் முன் சீட்டு ஒன்றல்ல, ரெண்டு என்பது மயிலாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசமும் ஒன்றையே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓட்டுகிறவளை யார் எழுப்பிப் பின்னால் அனுப்ப முடியும்? பக்கத்துச் சீட்டைப் பற்றியும் அவளுக்குக் கவலையில்லை. சுப்பண்ணன் ஒழுக்கமான மனுசன். பஸ்ஸில் பொம்பளைகள் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தாலும் பொள்ளாச்சிவரை நின்றுகொண்டே போவார். அடுத்தவர் பெண்டாட்டி ஓட்டுகிற காரில் அவள் பக்கத்தில் அவர் உட்காரவே மாட்டார். புருசன்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

புருசனிடம் காரணம் வேறு சொன்னாள். மூன்று நாளும் அவரே ஓட்டினால் முதுகு பிடித்துக்கொள்ளும், பாதி நேரம் தான் ஓட்டுவதாகச் சொன்னாள். ஆறுச்சாமி இருந்த குற்ற உணர்ச்சிக்கு, ஏரோப்ளேனையே ஓட்டுகிறேன் என்றாலும் சரி என்றிருப்பார். சித்திரை வெயில் ஏறுவதற்குள் லைசென்ஸ் வாங்கினாள், அப்புறம் வெளிநாட்டில் ஓட்டுகிற பர்மிட்டும் வாங்கினாள். காரை எடுக்கிறவர் பெயர் மயிலாத்தாள் என்று பேக்ஸ் போயிற்று.

கார்த்திகையில் கிளம்பி, பம்பாய் வழியாகப் போய் இறங்கினார்கள். ஏர்போர்ட் வாசலில் வெள்ளைக் கார் நின்றது. கம்பெனி ஆள் நீட்டிய காகிதத்தில் மயிலாத்தாள் கையெழுத்துப் போட்டாள். மாசாணியம்மாள் பைகளோடு பின்னால் ஏறிக்கொண்டாள். மயிலாத்தாள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, இஞ்சினைக் கிளப்பினாள். சுப்பண்ணன் பழக்கத்தில் முன் கதவைத் திறந்தார். ஸ்டீயரிங்கில் அவளைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். எட்டு மாசமாக அவள் போட்ட கணக்கு ஒரு நூல் பிசகாமல் நடந்தது.

"மாப்ள, நீ முன்னால உக்காந்துக்க" என்றார்.

ஆறுச்சாமி உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? வாய் சும்மா இருந்தால்தானே. பரவாயில்லைங்க மச்சான், நீங்களே உட்காருங்க என்றார். சுப்பண்ணன் வேண்டாம் என்றார். இவர் மறுபடியும் கூப்பிட்டார். பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. அதற்கும் மசியாமல் ஆறுச்சாமி மூன்றாம் தடவையும் சொன்னார். சுப்பண்ணனுக்கு எதையும் மூன்று தடவை சொன்னால் நிஜமாகிவிடும். ஒழுக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார்.

மயிலாத்தாள் இஞ்சினை நிறுத்தினாள்.

"அண்ணா, காலை வெளியில எடுங்க. அது அவரு உக்கார்ற எடம்" என்றாள். அப்புறம் புருசனைப் பார்த்தாள். "உங்க பக்கத்துல உக்காந்து ஒரு நாளாச்சும் போகோணும்னுதான் நான் இத்தனையும் செஞ்சுபோட்டேன். வந்து உக்காருங்க."

பேக்ஸ், மேப், டிரைவிங் ஸ்கூல், லைசென்ஸ் எல்லாமே இந்த ஒரு பேச்சைப் பேசாமல் தப்பிக்கத்தான். கடைசியில் அதைப் பேசியே ஆக வேண்டியிருந்தது. பேசி முடிக்கக் கதவைச் சாத்துகிற நேரம்கூட ஆகவில்லை.

சுப்பண்ணன் காலை எடுத்துக்கொண்டு பின்னால் போய் மாசாணியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் இல்லை. பைகளை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்.

"அம்மணி, இதை அவிநாசியிலயே சொல்லியிருந்தீன்னா நாங்க வந்தே இருக்க மாட்டமே. மாப்ள வாங்கன்னான், வந்தோம்."

மயிலாத்தாளுக்கு அந்தக் கணத்தில் புருசன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் அதிகம். ஆறுச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டில் அவருக்கும் பழக்கமில்லை.

வலமாகச் சுற்றினார்கள். நாலாம் நம்பர் ஊர் தாண்டியதும் கடல் ரோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. வளைவுக்கு மேல் வளைவு, எதிரே கரும்பு லாரிகள். மயிலாத்தாளால் ஒரு நொடிகூடத் தலையைத் திருப்ப முடியவில்லை. கடல் முழுக்க ஆறுச்சாமி பக்கம் கிடந்தது.

"ஏனுங்க, நான் ரோட்டைப் பாக்கோணும். கடல் எப்படி இருக்குதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஆறுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். மோட்டாரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு இதற்கு வார்த்தை வர நேரமாயிற்று.

"கரையோரத்துல பச்சையா இருக்குது. அதுக்கு அந்தப் பக்கம் வெள்ளையா ஒரு கோடு. கோட்டுக்கு அப்பறம் நீலம்" என்றார். "இடுப்பு முட்டத் தண்ணில நின்னு ஒரு ஆள் தூண்டி போடறான். இன்னும் ஒண்ணும் மாட்டல."

"அப்பறம்?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு முழுக்க அவள் கடலை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடல் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், அவர் சொன்னதைத்தான் சொல்கிறாள்.