துறையிடை என்பதற்கு ஒரு வாக்கியம்

...பொருள் எழுதியாயிற்று, வெவ்வேறு படிப்புகள் ஒன்றுகூடி ஒரே கேள்விக்கு விடை தேடுவது துறையிடை, அவ்வளவுதான், வேதியியல் டியூட்டருக்கு அதற்கு மேல் என்ன தெரியும், எடுத்துக்காட்டு வாக்கியம்தான் வரவில்லை, கலைச்சொல் குழுவுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் வேண்டுமாம், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், "ஏலே காசிராஜா, நூத்திநாப்பது வார்த்தைய முடிச்சிட்டு இந்த ஒண்ணுக்கா பேனாவக் கடிக்க? மதுரை பஸ்ஸு உனக்காக நிக்காதுலே" என்கிறான் இன்பராஜ், தாவரவியல்காரன், தாளைக் குழுவிடம் கொண்டுபோகிறவன். கரிசல் மண்ணும் பருத்தியும் என்று ஆரம்பித்தேன், அடித்தேன், கை வேறொன்றை எழுதுகிறது, 'துறையிடை மருத்துவ முறையில், நோயாளியை மகப்பேறு மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள்', பார்த்தார்களா?

பார்க்கவில்லை. ஒரே ஆஸ்பத்திரி, கீழே பிரசவ டாக்டரம்மா, மாடியில் இதய டாக்டர், என் மனைவி சௌந்தரத்துக்கு ஏழாம் மாதம், பங்குனி வெயில், தண்ணீர் நிறையக் குடிக்கவும் என்று கீழே ஒரு சீட்டு, கால் வீங்கியிருக்கிறது தண்ணீரைக் குறைக்கவும் என்று மாடியில் ஒரு சீட்டு, திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் மூச்சு வாங்க உட்கார்ந்து, "என்னங்க, அவுக குடிங்காக, இவுக குடிக்காதேங்காக, நான் யாரு பேச்சக் கேக்க? நீங்க படிச்சவுகதான, சொல்லுங்க", சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், நான் என்ன சொன்னேன், "தெரியாமயா சொல்வாக, மொதல்ல பாத்தவுக சொன்னபடி செய்யி", செய்தாள், பானையிலிருந்து நான்தான் மொண்டு கொடுத்தேன், இன்னும் ஒரு தம்ளர், இன்னும் ஒன்று... பன்னிரண்டாம் நாள் அவளும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை.

பஸ் வந்துவிட்டது. இன்பராஜ் தாளைப் பிடுங்கிக் கடைசி வரியை வாசிக்கிறான், என்னைப் பார்க்கிறான், கேலி நின்றுவிட்டது. "வேற எழுதுறியா? வேணும்னா அடுத்த பஸ்ஸுல போறேன்." வேண்டாம் என்று தலையாட்டினேன், வேறு வாக்கியம் என்னிடம் இல்லை, ஏறிக்கொண்டான், புழுதி அடங்கட்டும்... ஆறு மாதமாக அந்த இரண்டு டாக்டர்களையும் மனதுக்குள் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசவைக்கிறேன், வாயே திறப்பதில்லை, எப்படித் திறப்பார்கள், ஒருவர் சீட்டை மற்றவர் கண்ணால் கண்டதில்லை, இரண்டையும் படித்த ஒரே ஆள், மாடிப்படியில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இறங்கிவந்த ஆள், நான்தான், திரும்பி ஏறியிருக்கலாம், பதினெட்டுப் படி, ஏன் ஏறவில்லை, கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்றா, இல்லை... கேட்கத் தோன்றவே இல்லையா?