நாலு பேருக்கான அறை

அம்மாவின் இத்தா முடிய முப்பது மணி நேரம் இருந்தபோது அத்தாவின் போன் அடித்தது. அத்தா இறந்த பிறகும் அதைச் சார்ஜ் போட்டு வைத்திருப்பது நான்தான்.

“யாகூப் சார் இருக்காருங்களா? சனிக்கிழமைக்கு ரூம் போட்டிருக்காருங்க. நாலு பேர் வர்றீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டோம்.”

தண்ணீர் விளையாட்டுப் பார்க்குக்குள்ளேயே இருக்கும் ஹோட்டல். பள்ளி திறக்கும் முன் ஒரு ராத்திரி என்று அத்தா ஜனவரியிலேயே பதிந்திருந்தார். அடுத்த வாரம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

“அவரு வெளிய போயிருக்காருங்க,” என்றேன். “சாயங்காலம் சொல்றேனுங்க.”

எனக்குப் போனில் பேச வராது. பொய் மட்டும் உடனே வந்தது.

எங்கள் வீட்டில் அது பழகிய பொய். அத்தா இறந்த அன்று தங்கை யுஸ்ரா ஈரோட்டில் இல்யாஸ் மாமா வீட்டில் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். ஆறு வயது. அத்தா ஏன் பார்க்க வரவில்லை என்று அழுதவளிடம், அத்தா மக்காவுக்குப் போயிருக்கார் என்றார் மாமா. எங்கள் தெருவில் மக்காவுக்குப் போனவர்கள் பேரீச்சம்பழத்தோடு திரும்பி வருவார்கள். அதை மாற்றிச் சொல்ல அப்புறம் யாருக்கும் வாய் வரவில்லை. கணவனை இழந்தவள் வெளியே போகாமலிருக்கும் இத்தாவின் நாலு மாதம் பத்து நாளை, அத்தா திரும்பி வரும்வரை அம்மா துஆ கேட்டு வேண்டும் நாட்கள் என்று யுஸ்ராவே எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் மாமா வந்தார்.

“பகல்ல கூட்டிட்டுப் போயிட்டு பொழுதோட வந்தறலாங்க்கா. உக்கடத்துல இருந்து முக்கா மணி நேரம். ஊட்டை வெச்சுக்கிட்டு ரூம் எதுக்குங்க?”

“அவரு ஆசையாப் போட்டதுடா.”

“அங்க போய்ப் படுத்தா யுஸ்ரா, அத்தா எங்கேன்னு கேப்பா.”

“இங்க படுத்தா மட்டும் கேக்கறதில்லயா?” என்றாள் அம்மா. “ரூம் இருக்கட்டும். ஆனா அங்க உக்காந்து அவ வாசலைப் பாக்கக் கூடாது. சொல்லிப்போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

“யாருங்க சொல்றது?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை.

யுஸ்ரா உள்ளே பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நீச்சல் உடைக்கு அடியில் அத்தாவின் அரை டவுசர் இருந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது. போன தடவை லுங்கியோடு வந்த அத்தாவைத் தண்ணீருக்குள் விடவில்லை. நாள் முழுக்க எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். இந்தத் தடவை டவுசர் போடுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“இதெதுக்கு?” என்றேன்.

“ஏர்போர்ட் தாண்டித்தானே பார்க்கு. அத்தா இறங்கி நேரா ஹோட்டலுக்கு வந்துருவாரு. ஊட்டுக்கு வந்து டவுசர் எடுத்துட்டுப் போனா லேட்டாயிரும்ல?”

டவுசரை மடித்துப் பையிலேயே வைத்தேன்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் போன் அடித்தது. ஹோட்டலிலிருந்து அதே பெண்.

“நாலு பேருங்களா மேடம்?”

அறைக் கதவருகே அம்மா நின்றிருந்தாள். யுஸ்ரா என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“வர்றோமுங்க,” என்றேன். “மூணு பேரு.”

யுஸ்ரா சிரித்தாள். “ஐய, பி.எஸ்சி. படிச்சும் எண்ணத் தெரியல. அம்மா, நீ, நான், அத்தா. நாலுன்னு சொல்லுக்கா.”

“ஹலோ? மேடம்?” என்றாள் அந்தப் பெண்.

நான் தரையில் உட்கார்ந்தேன். யுஸ்ராவின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அம்மைத் தழும்பு ஒன்று புருவத்துக்கு மேல் இன்னும் மறையவில்லை.

“அத்தா மக்காவுல இல்ல கண்ணு,” என்றேன். “அத்தா மௌத்தாயிட்டாரு.”