நேராகக் கொண்டு வா

பந்தல்குடி தாண்டி, ஊர்ப்பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே பொன்னுச்சாமியின் கரிமூட்டம் புகைவது தெரியும். நேராக நடந்தால் பத்து நிமிடம். மாரீஸ்வரன் கண்மாய்க்கரையைச் சுற்றி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து, முக்கால் மணி நேரம் கழித்துப் பின்பக்கமாக வந்து நின்றான்.

"நீ எறங்குனப்பவே பாத்துட்டேன்," என்றார் பொன்னுச்சாமி. "ஆளக் காணமேன்னு, வெளிக்கிருக்கப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மகன் அழகுராஜாவும் அவனும் ராணுவத்தில் ஒரே உளவு ட்ரோன் பிரிவு. எல்லையில் ட்ரோனை ஏற்றி, எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது வேலை. அழகுராஜா செத்து ஐந்து மாதம் ஆகிறது. குண்டு விழுந்து இறந்தான் என்று வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தது. அது பொய்யில்லை. மீதியைச் சொல்லத்தான் மாரீஸ்வரன் லீவு போட்டு வந்தான். பதினெட்டு நாள் படுத்தே கழிந்துவிட்டது. நாளைக்கு ரயில்.

மூட்டத்தில் ஓரிடத்தில் மண் வெடித்துப் புகை கிளம்பியது. பொன்னுச்சாமி ஈரமண்ணை அள்ளி அப்பினார். காற்று புகுந்தால் உள்ளே கரியாக வெந்துகொண்டிருக்கும் விறகெல்லாம் சாம்பல். மூன்று நாளாகத் தூங்காத கண் அவருக்கு.

"எதுக்குப்பா இம்புட்டுச் சுத்து?"

"பழக்கம்யா. ட்ரோன விட்ட எடத்துக்கே நேராக் கொண்டாரக் கூடாது. அது வார வழியப் பாத்து எதிரி நம்ம எடத்தக் கண்டுபிடிச்சிருவான். சுத்தவிட்டு ஒரு மைல் தள்ளி எறக்கி, நடந்துபோயி எடுக்கணும்."

"அன்னைக்கும் அப்படித்தேன் எறக்குனீகளா?"

மாரீஸ்வரன் உட்கார்ந்தான்.

"இல்ல. குளிருல பேட்டரி எறங்கிப்போச்சு. சுத்துனா நடுவுல விழுந்திரும். விழுந்தா விசாரணை, ரிப்போர்ட்டு. நாங்க தூங்கி மூணு நாளு. விழுந்தா விழட்டும்ணே, சுத்தியே கொண்டாருவோம்னு அழகு சொன்னான். நேராக் கொண்டு வாடான்னு நாந்தேன் சொன்னேன். நடக்கத் தெம்பில்ல, அம்புட்டுத்தேன். நான் பெரியவன், அவன் கேட்டாகணும்."

"நீ எங்க இருந்த?"

"குழிக்குள்ள. எடுக்க அவந்தேன் வெளிய போனான்."

பொன்னுச்சாமி இன்னொரு கை மண்ணை எடுத்து, வெடிக்காத இடத்தில் அப்பினார்.

"பதினாறு வயசுல இங்கன காவலுக்கு இருந்து தூங்கிட்டான். ஒரு லோடு கரி சாம்பலாப் போச்சு. பெல்ட்டக் கழத்தி அடிச்சேன்." கையைத் துண்டில் துடைத்தார். "ஒன்னைய அடிக்க எனக்குத் தெம்பில்ல."

அவர் மூட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் பொண்டாட்டிகிட்டச் சொன்னியா?"

"இல்லைய்யா."

"போயிச் சொல்லு. என்கிட்ட எறக்கி வச்சிட்டு ரயிலேறலாம்னு பாக்காத. தங்கச்செல்வி வீட்டுலதேன் இருக்கா."

வீடு தெரிந்தது. பருத்தி பிடுங்கிய வெறுங்காடு நடுவில், அதற்கப்பால் பச்சைச் சுவர். எழுந்தவனின் கால் தானாகக் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பியது.

"ஏலே, அங்கிட்டு இல்ல," என்றார் பொன்னுச்சாமி, மூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாரீஸ்வரன் அந்த வெறுங்காட்டில் நேராக இறங்கினான். ஒதுங்க ஒரு மரமில்லை. பாதி தூரம் போவதற்குள் தங்கச்செல்வி வாசலுக்கு வந்து, நெற்றிமேல் கைவைத்து, யார் வருவது என்று பார்த்தாள்.