அக்காவின் இடது கை விசைகள்

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் ஒருவருக்கு ஓர் அக்கா இருந்தாள். அவர்...'

(அவராவது இவராவது. நான்தான். அந்த வரியை அழிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.)

2

பக்கவாதம் அக்காவின் பேச்சையும் வலது கையையும் ஒரே நாளில் கொண்டுபோனது. முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மவுஸ்கூட இல்லாத காலத்தது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் அசையும். ஆனால் சொன்னபடி கேட்கும். அது தொடங்கும்போதே படிக்கும் கோப்பில் சில வரிகள் சேர்த்தேன்: ஷிப்ட் விசையோடு இடப்பக்க எழுத்தை அழுத்தினால் வலப்பக்க எழுத்து விழும், இடது கை மட்டும் போதும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது எங்கள் வழக்கம். ஒற்றைக் கையால் அவள் அடித்த முதல் வரி:

"இத்தன நாள் நான் வாய தொறக்கலன்னு நிம்மதியா இருந்தியாடா?"

[இங்கே வாசகர் சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன்.]

3

இரண்டாம் முறை பக்கவாதம் வந்து விழுந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினார்.

"உங்க அக்கா எங்க கம்ப்யூட்டர கைகாட்டி அடம் பிடிச்சாங்க சார். ஒரு வரி அடிச்சாங்க. ஒண்ணும் வெளங்கல, பிரிண்ட் எடுத்து வச்சேன்."

சின்னதும் பெரியதுமாகத் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகள்.

"பாவம், புத்தி பேதலிச்சிடுச்சு," என்றேன். கட்டிலருகே நின்று, அவள் காதுபடவே. அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவளிடம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பத்தாம் நாள் போய்விட்டாள்.

4

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு ஒரு மாதம் ஆனது. கை பழகிய விசைகளைத்தான் அவள் அடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு நான் சேர்த்த வரிகள் தெரியாது; ஷிப்டோடு அடித்ததெல்லாம் அங்கே வெறும் பெரிய எழுத்தாக விழுந்திருக்கிறது. சீட்டில் உள்ளபடியே வீட்டில் அடித்தால் அவள் சொன்னது திரையில் வந்துவிடும். விசைகளை மாற்றியவனே நான். பேதலித்தது யார் புத்தி?

5

முடிவு ஒன்று: 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா.'

முடிவு இரண்டு: 'ஃபேன நிறுத்தச் சொல்லு.' (இதுவாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.)

முடிவு மூன்று: என்னைத் திட்டி,

இவை எல்லாம் நான் எழுதியவை. சீட்டில் இருப்பது அவள் எழுதியது. அந்த எழுத்துகளை இங்கே தர மாட்டேன். எனக்கு முன்னால் நீங்கள் படித்துவிடுவீர்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அடிக்காதவரை, அக்கா என்னிடம் சொல்ல ஒரு வரி மிச்சம் இருக்கிறது. அடித்துவிட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்தான். நீங்களாக இருந்தால் அடிப்பீர்களா?