கப்பலை அழுத்திய கனம்

“கரையில உனக்கு யாரு இருக்கா?” என்று கப்பல் நர்ஸ் கேட்டபோது, எடைக்கருவியின் மேல் நின்றிருந்த இஸ்திரிக்காரி, “அக்கா பொண்ணு ஒருத்தி இருக்கா” என்றாள். முள் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழன்று விழுந்தது. நர்ஸ் குனிந்து அதை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு, “அப்ப நீதானா அது” என்றாள்.

உலகம் சுற்றும் அந்த உல்லாசக் கப்பல், துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்த காலையில் நான்கு முழம் தாழ்ந்துபோயிருந்தது. ஓட்டை ஏதும் இல்லை. துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிநடத்தும் மாலுமி வந்து பார்த்து, இப்படியே உள்ளே போனால் தரைதட்டும் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப்போனார். கேப்டன் நீச்சல் குளத்தை வடிக்கச் சொன்னார். பியானோவைப் படகில் இறக்கினார்கள். இறங்குவதற்காகப் பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்த பயணிகள், உடுத்த துணியில்லாமல் மறுபடி அவிழ்த்தார்கள். மழைக்காலம் ஒன்று போய் இன்னொன்று வந்தது. காய்கறிப் படகுகள் தினமும் வந்துபோயின. மேல்தளத்தில் ஒரு கல்யாணம்கூட நடந்தது. கடைசியில் அந்த மாலுமிதான் சொன்னார், கரைக்குப் போகப் பயப்படுகிற ஆள் ஒருவர் இருந்தால் கப்பல் இப்படிக் கனக்கும், கரையில் யார் என்று கேட்டுக் கேட்டு எல்லாரையும் நிறுத்துப் பாருங்கள் என்று. அவருக்கு இது புதிதில்லை.

இஸ்திரிக்காரி நர்ஸிடம் சொன்னது பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. கப்பல் அடுக்களையில் காய் நறுக்கும் தன் கணவனோடு வேலைக்கு ஏறியபோது, கைக்குழந்தையை அந்தத் துறைமுக ஊரில் பிள்ளையில்லாத அக்காவிடம் விட்டுவந்தாள். சோறூட்டியவளைக் குழந்தை அம்மா என்றது. தொலைபேசியில் பேசுகிறவளைச் சித்தி என்றது. முதல் தடவை சிரித்தாள். அப்புறம் அந்தப் பெயருக்கே ‘ஏன்மா’ என்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டாள். இந்தப் பயணத்தோடு இருவருக்கும் வேலை முடிகிறது.

“நம்ம பொண்ணு. போய்க் கேட்டா குடுத்துடப் போறாங்க. இரவலா கேக்குறோம்?” என்றான் காய் நறுக்குகிறவன்.

“யாரு கேக்குறது?”

“நீதான். உன் அக்காதானே.”

அன்றைக்கு இஸ்திரி மேசைக்குக் கீழே இரும்புத் தளம் தூளிபோலக் குழிந்தது.

விஷயம் தெரிந்ததும் கேப்டன் படகனுப்பி அந்தப் பெண்ணை வரவழைத்தார். கயிற்றேணியில் ஏறி, ஆவி பறக்கும் சலவை அறைக்கு அவள் வந்து நின்றபோது, இஸ்திரிக்காரியைவிட அரைச்சாண் உயரமாக இருந்தாள். மூக்கு மட்டும் காய் நறுக்குகிறவனுடையது.

“உங்களாலதான் கப்பல் நிக்குதாம். ஊரே சிரிக்குது, சித்தி.”

“சிரிக்கட்டும். சாப்பிட்டியா?”

“அம்மாவே சாப்பிடல. நான் உங்க வயித்துல பொறந்தவள்னு நேத்துதான் சொன்னாங்க. சொல்லிட்டு என் துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டாங்க.” பெண் குழிந்த தளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நீங்க இறங்கினா நான் எங்க இருக்கணும்?”

பாதி சீவிய உருளைக்கிழங்கோடு காய் நறுக்குகிறவன் வாசலில் நின்றான். இஸ்திரிக்காரி ஒரு சட்டையின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்; இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்ததில் அது தீய்ந்தது.

“இது என்ன கேள்வி? உங்க அம்மாகிட்டதான். போய் அவளை முதல்ல சாப்பிடச் சொல்லு.”

கப்பல் எழும்பியது. அடுக்களையில் தட்டுகள் குலுங்கின, மேல்தளத்தில் கைதட்டினார்கள். நான்கு முழம் எழுந்தும் நிற்கவில்லை. சிவப்புச் சாயம் பூசிய அடிவயிறு வெளியே தெரியும்வரை எழுந்தது. மதியத்துக்குள் மாலுமி அதைக் கரைசேர்த்தார். பெண் முதல் ஆளாக இறங்கி வீட்டுக்கு ஓடினாள். இஸ்திரிக்காரி வேலையை நீட்டிக்கக் கேட்டாள், கேப்டன் மறுக்கவில்லை. ஆனால் அவள் இருக்கும்வரை கப்பல் தக்கைபோல ஆடியதால், ஒவ்வொரு துறைமுகத்திலும் மணல் மூட்டைகள் ஏற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் ஏற்றுவதுபோல அதையும் ஏற்றினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் மூட்டைகள் ஏறிய அந்தச் சாயங்காலம், சுமப்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற காய் நறுக்குகிறவன், கரைக்குப் போட்ட பலகை காலியானதும் தன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனான்.