சனிக்கிழமைக் கணவன்

பருத்தி பறிக்கக் கைகளைக் கேட்ட டெக்சஸ் மண், அந்தக் கைகளுக்கு ஒரு குடும்பம் உண்டென்பதை ஒப்புக்கொண்டதில்லை. ஏப்ரம் ஒரு தோட்டத்து அடிமை. அவன் மனைவி வைனி, ஆறு மைல் தள்ளி இன்னொரு தோட்டத்து அடிமை. சனிக்கிழமை மாலை எசமான் எழுதித் தரும் அனுமதிச் சீட்டோடு ஏப்ரம் அவளிடம் வருவான். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவான். தாமதித்தால் ரோந்துக்காரரின் சாட்டை பேசும். தன் மனைவியைக் காண இன்னொருவனின் கையெழுத்து! இதற்குச் சட்டம் என்று பெயர்!

1865 ஜூன் பத்தொன்பதாம் நாள், கால்வெஸ்டன் நகரில் அடிமைகளின் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டது. அச்செய்தி தோட்டங்களை எட்டிய வாரத்தின் சனிக்கிழமை, ஏப்ரம் வந்தான். தொப்பிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, வழக்கம்போல் கதவோர ஆணியில் குத்தினான்.

வைனி திகைத்தாள். சீட்டு!

“யோவ், யாருகிட்டய்யா இதை வாங்குன?”

“எசமான்கிட்டதான். கதவத் தட்டிக் கேட்டேன். அந்தாளே ஒரு மாதிரி முழிச்சாரு.”

“முழிக்காம? அவுத்துவிட்ட கழுதையே வந்து, என் கயிறு எங்கன்னு கேட்டா!”

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஆனால் ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும் அவன் கை தானாகத் தொப்பியைத் தேடியது. நான்கு வயது மகள் ஹெட்டி, வாராவாரம் செய்வதுபோல் அவன் காலணிகளைத் தூக்கிவந்து முன்னே வைத்தாள்.

வைனியின் சிரிப்பு எங்கோ போயிற்று. “எங்க கிளம்பிட்ட?”

“பொழுது சாயுதே, புள்ள. ஆணைய ரோந்துக்காரன் படிச்சிருக்கலாம். அவன் நாய் படிச்சிருக்குமா?”

“எனக்கும் பயந்தான்யா. ஆனா இன்னிக்கு நீ போனா, அடுத்த வாரமும் போய்ச் சீட்டு கேப்ப. நான் சாகுற வரைக்கும் சனிக்கிழமைப் பொண்டாட்டிதான்.”

தொலைவில் ஒரு நாய் குரைத்தது. ஏப்ரமின் தோள்கள் குறுகின. பிறகு குனிந்து, காலணிகளை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

மறுநாள் காலையில் ஹெட்டி கண்விழித்தபோது, பக்கத்தில் அப்பா உறங்கிக்கொண்டிருந்தான். வைனி அந்தச் சீட்டைக் கொளுத்தி, சோள ரொட்டிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்னிக்கும் ஞாயித்துக்கிழமையா?”

“திங்கக்கிழமடி, கண்ணு.”

குழந்தை நம்பவில்லை. மெல்ல இறங்கிக் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தாள். காலணிகள் அங்கேயே இருந்தன.