ஒரு நாள் முந்திய மழை

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லிவைத்த மகராசன் விஜயராஜைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கோகிலவாணிக்குப் பூமியெல்லாம் வேண்டாம். நாலு பேர் முன்னால் அந்த மனுஷனின் தலை தொங்க வேண்டும், அது போதும்.

நடந்ததைக் கேளுங்கள். காவலூர்ப் பக்கம் புங்கமேட்டில் சாமை விதைக்கிற குடும்பம் அவளுடையது. திருப்பத்தூரில் பி.சி.ஏ. படித்துவிட்டு, ஜீவானந்தத்தைக் கட்டிக்கொண்டு மலைக்கே திரும்பியவள். கொல்லை நடுவே ஒரு மழைமானியை நட்டுவைத்து, தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளந்து ஒன்பது வருஷமாக நோட்டில் எழுதிவந்தாள். காய்ச்சலென்றும் கல்யாணமென்றும் ஒரு நாள் விட்டதில்லை. பிள்ளை பெற்ற வாரம் மட்டும் புருஷன் அளந்தான். அதையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஃபோனில் அதட்டித்தான் அளக்கவைத்தாள்.

மலை ஈரத்தில் நோட்டு ஊறிப்போகும் என்று, மாதம் ஒருமுறை சந்தைக்குப் போகும்போது ஜமுனாமரத்தூரில் விஜயராஜ் கடையில் ஜெராக்ஸ் எடுத்துவைப்பாள். அங்கேதான் வந்தது வினை. இவளுக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டு, தனக்கென்று இன்னொன்று எடுத்துக்கொண்டிருக்கிறார் அந்தப் பெரிய மனுஷன். எடுத்ததைத் தடித்த பைண்டு நோட்டில் முத்து முத்தாக எழுதி, ‘மலை மழை’ என்று வாட்ஸ்அப்பில் சேனல் தொடங்கி, மாதாமாதம் மழைக் கணக்கைத் தன் பெயரில் போட்டுவந்தார். பன்னிரண்டாயிரம் பேர் பார்க்கிறார்களாம்.

போன தை மாதம் அடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செய்தி கேட்டுப் போன கோகிலவாணி, விழா முடிந்ததும் மேடையருகே நின்று, இதெல்லாம் நான் அளந்ததாச்சே என்றாள். கல்லூரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஜயராஜ் பதறவேயில்லை.

“நம்ம சேனலப் பாத்து நோட்டுல காப்பி எழுதற பொண்ணு சார். ஆர்வம் ஜாஸ்தி, பாவம்,” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ‘பாவம்’தான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. ஜீவானந்தம் கடைக்கே போய் அவர் சட்டையைப் பிடிக்கிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தான். அவள் பிடுங்கி மாடத்தில் வைத்தாள்.

“நீங்க போய் கத்துனா உங்களத்தான் ரவுடின்னுவாங்க. அவரு வாயாலயே அவரு மாட்டணும்.”

அந்தக் கல்லூரியில் பூகோளம் நடத்தும் பேராசிரியை ரைஹானா, வாணியம்பாடிக்காரர். அவருக்குக் கடிதம் எழுதினாள். பதில் நியாயமாகத்தான் வந்தது. இரண்டு பேரும் நோட்டைக் கொண்டுவாருங்கள். தானாக மழையைப் பதியும் கருவி ஒன்றையும் அமைத்துக் காட்டுங்கள். யாருடையது என்று பார்த்து முடிவு செய்வோம். மலையின் மழைப் பதிவு அந்த ஒருவர் பெயரில்தான் அச்சேறும் என்றார். ஒன்பது வருஷமும் இவள் பெயரில் நிற்குமா, அந்த ஜெராக்ஸ்காரர் பெயரில் போகுமா, அவ்வளவுதான் விஷயம்.

விஜயராஜ் பளபளவென்று ஒரு கருவியை வாங்கி மொட்டைமாடியில் நட்டார். கோகிலவாணி இரண்டு ஆட்டை விற்று, உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றும் மழை, காற்று, வெயில் அளக்கும் கருவியும் வரவழைத்தாள். படித்த படிப்பு துருப்பிடித்துக் கிடந்தது. மெமரி கார்டில் வானிலை மென்பொருளை ஏற்றுவதற்குள்ளேயே மூன்று முறை கரண்ட் போனது. கருவியோடு பலகை பேசவே நாலு நாள். பேசத் தொடங்கியதும், ஒரு தூறலுக்கு அரை அங்குலம் என்று காட்டியது. அளவை மில்லிமீட்டருக்கு மாற்றினாள், மானியின் கரண்டி எத்தனை துளிக்குக் கவிழும் என்பதைச் சரிசெய்தாள். ஒவ்வொரு வரியைத் திருத்தும்போதும் விஜயராஜை வாய்க்குள் ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள். வேலை ஓடியதே அதில்தான்.

பிறகு பழைய நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்து மென்பொருளுக்குள் ஏற்றினாள். புங்கமேட்டுப் பள்ளிக்கூடக் கூரையில் அந்தக் கல்லூரி இரண்டு வருஷம் மானி வைத்திருந்தது. அந்தக் கணக்கு இணையத்தில் கிடைத்தது. அதையும் பக்கத்தில் ஏற்றி வரைபடம் போட்டாள்.

ஏற்றமும் இறக்கமும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் அவளுடைய கோடு முழுக்க ஒரு நாள் முன்னால் ஓடியது. கல்லூரிக்குப் புதன் மழை என்றால் இவளுக்குச் செவ்வாய். பலகையின் கடிகாரத்தைப் பார்த்தாள். அது லண்டன் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் கோளாறு என்று இந்திய நேரத்துக்கு மாற்றி மறுபடி ஏற்றினாள். கோடு அசையவில்லை.

விதிமுறையைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. காலை எட்டரைக்கு அளக்கிற மழையை அன்றைய தேதியில் எழுத வேண்டுமாம். இவர்கள் வீட்டிலோ, பொழுது விடியும்வரை அது நேற்று. ராத்திரி பெய்தது நேற்றைய மழை. அதனால் காலையில் அளந்ததை ஒன்பது வருஷமாக முந்தின நாள் தேதியிலேயே எழுதிவந்திருக்கிறாள். பலகையில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அவளுடையது.

சே, என்று தலையில் அடித்துக்கொண்டாள். மையால் எழுதியதைத் திருத்தவா முடியும்? யாருக்குத் தெரியப்போகிறது, வாயைத் திறக்காதே என்றான் ஜீவானந்தம். சொன்னால், நாள்கூடத் தெரியாதவள் மழை அளந்தாளாம் என்று ஊரே சிரிக்கும். அந்த அவமானத்தோடு அவள் ஒரு பகல் முழுக்கக் களை பறித்தாள். சாயங்காலம் சட்டென்று நிமிர்ந்தாள். அவளுடைய தப்பு விஜயராஜ் நோட்டிலும் இருந்தாக வேண்டுமே. முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து ஜீவானந்தமே கொஞ்சம் பயந்துபோனான்.

ஆனி மாதம் ஜமுனாமரத்தூர்க் கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். மேசையில் இரண்டு கருவி, இரண்டு நோட்டு. விஜயராஜின் நோட்டு மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அவளுடையதில் பாதிப் பக்கம் உப்பிப்போயிருந்தது. ரைஹானா இரண்டையும் புரட்டிவிட்டு, எண்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்கிறதே, யாரைப் பார்த்து யார் எழுதியது என்றார். விஜயராஜ் வழக்கம்போலச் சிரித்தார். கோகிலவாணி எழுந்து, அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளலாமா என்றாள். ரைஹானா தலையசைத்தார்.

“காலைல அளக்கற மழைய எந்தத் தேதில எழுதுவீங்கண்ணா?”

“இதுகூட தெரியாம மானி வச்சிகினுகிறியாம்மா? அளந்த அன்னிக்கித் தேதிலதான். அதான் ரூலு. நான் ஒம்போது வருஷமா ரூல் மாறாம எழுதறேன்,” என்று மண்டபம் கேட்கச் சொன்னார்.

“ஒருநாளும் மாறலியே?”

“ஒருநாளும் மாறல.”

கோகிலவாணி ரைஹானா பக்கம் திரும்பினாள். “எனக்கு அந்த ரூலு தெரியாதுங்க மேடம். ராத்திரி மழைய நேத்து மழைன்னு நெனச்சி ஒம்போது வருஷமும் ஒரு நாள் முன்னாடியே எழுதிட்டேன். உங்க காலேஜு மானியோட வச்சிப் பாருங்க, முழுக்கத் தப்பு.”

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் விஜயராஜின் நோட்டை எடுத்துப் பேராசிரியை முன்னால் தள்ளினாள்.

“தப்பு என்னுது, ஒத்துக்கறேன். என் தப்பு அண்ணன் நோட்டுக்குள்ள எப்டிங்க போச்சு?”

ரைஹானா கல்லூரிக் கணக்கை எடுத்துவைத்து ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துக்கொண்டே போனார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி விஜயராஜைப் பார்த்தார். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை, அது சுற்றவும் இல்லை. பிறகு தலை தானாகவே கீழே இறங்கியது. ஆஹா, அந்தக் காட்சியைக் கோகிலவாணி கண்ணாலேயே தின்றாள் என்றே சொல்லலாம். ஒரு துளி இரக்கம் வரவில்லை.

இவ்வளவும் தப்பென்றால் உன் பதிவை என்ன செய்வது என்று ரைஹானா கேட்டார். எல்லாத் தேதியையும் ஒரு நாள் தள்ளினால் போதும், மென்பொருளில் தள்ளி வைத்திருக்கிறேன், பாருங்கள் என்று பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த திரையைத் திருப்பினாள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. பதிவு உன் பெயரில்தான் அச்சேறும் என்று சொல்லி, பேராசிரியை அந்த உப்பிய நோட்டின் அட்டையில் அவள் பெயரைத் தானே எழுதினார்.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் விஜயராஜ் ஓடிவந்து பிடித்தார். நடந்தது நடந்துபோச்சு, மண்டபத்தோடு போகட்டும், சேனலில் வெளியே வந்தால் கடையில் தலைகாட்ட முடியாது என்றார். ‘பாவம்’ என்று சொன்ன அதே வாய்.

“நீங்களே போட்ருங்கண்ணா. நான் போட்டா கூட ரெண்டு வார்த்த சேர்ந்துக்கும்.”

அவர் ஃபோனை எடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்று, தட்டத் தட்டப் படித்தாள். ‘பல வருடங்களாக’ என்று ஆரம்பித்தார்.

“பல வருஷம் இல்ல. ஒம்போது வருஷம். எம் பேரு முழுசா போடுங்க, ஊரு பேரும்.”

போட்டார். அவசரத்தில் ஒரு எழுத்து விழவில்லை. அதையும் திருத்தச் சொன்னாள். திருத்தினார். ஜீவானந்தம் வண்டியைக் கிளப்பிவிட்டு, போலாமா என்று கூப்பிட்டான்.

“இருங்க, இன்னும் அனுப்பல,” என்றாள் கோகிலவாணி.